மூன்றுக்கு இரண்டு: அம்மாவின் பல்லாங்குழியில் ஒன்றரை அடிமானம்

அம்மாவின் பல்லாங்குழிப் பலகை, பழைய செய்தித்தாள் சுற்றி, இரும்புப் பீரோவுக்கு மேலே கிடந்தது. தோட்டத்து லயத்தை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை கீழே இறக்கினேன். இறக்கும்போதே ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய மாவு போலத் தூள் கொட்டியது.

மடக்குப் பலகை அது. பக்கத்துக்கு ஏழு குழி. ஒரு பாதி பலா மரம், முதலில் செய்தபோது இருந்தது. மறு பாதி எப்போதோ உடைந்து, தோட்டத்து ஆசாரி ஒருவர் ரப்பர் மரத்தில் செய்து கொடுத்தது. பலாப் பாதி எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ரப்பர்ப் பாதியைத் தட்டினால் பொத்பொத் என்று சத்தம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏற்றாமல் பயன்படுத்தினால் துளைப்பான் வண்டு தேடி வந்து தின்னும், பூஞ்சையால் நீலக் கறையும் படியும். இன்று மேசை நாற்காலி செய்கிற ரப்பர்ப் பலகைகளை அறுத்த கையோடு போரான் மருந்தில் அழுத்தி ஊற வைத்துச் சூளையில் காய வைக்கிறார்கள். அந்த ஆசாரி காலத்தில் அதெல்லாம் கிடையாது.

அம்மாவுக்காகத்தான் பலகையைச் சரிசெய்யத் தொடங்கினேன். பாதியில் அது எண் எழுதும் கருவியாக மாறியதற்குக் காரணம் அக்கா மகள். படிவம் நான்கு படிக்கிறாள். பள்ளியில் ‘அசாஸ் நொம்போர்’, அதாவது எண் அடிமானம், பாடம் நடந்துகொண்டிருந்தது. ஓர் இடத்தில் எத்தனை சேர்ந்தால் அடுத்த இடத்துக்கு ஒன்று போகும் என்பதுதான் அடிமானம்; நாம் வழக்கமாக எழுதுவது பத்தடிமானம். இரண்டு முதல் பத்து வரை எந்த அடிமானத்திலும் எண்ணை எழுதப் பழக வேண்டும். நான் குழி அளந்து கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்: “மாமா, அடிமானம் முழு எண்ணாத்தான் இருக்கணுமா? ஒன்றரை இருக்கக் கூடாதா?”

இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பிறந்த கணித ஆசிரியர் ஜேம்ஸ் டாண்டன் புள்ளிகளை வெடிக்க வைத்து இட மதிப்பைக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பரப்பியவர். அதில் ஒரு வகைதான் இது. அவர் தாளில் கட்டம் போடுவார். என் கையிலோ குழிகள் வரிசையாக இருந்தன.

முதலில் மரவேலை. ரப்பர்ப் பாதியை எப்படியாவது காப்பாற்றலாம் என்று போராக்சும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து மூன்று முறை பூசி ஒரு வாரம் காய வைத்தேன். வண்டு செத்தது. ஆனால் இரண்டு குழிகளின் அடி காகிதம் போல மெலிந்துவிட்டது. விரல் வைத்தால் உள்ளே போகிறது. அதை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலிப் பட்டறை ஒன்றில் மருந்தேற்றிய ரப்பர்ப் பலகைத் துண்டு வாங்கி வந்தேன். தடிமன் 3.5 சென்டிமீட்டர். பழைய பாதியின் அளவுப்படியே 42 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டி, 6 சென்டிமீட்டருக்கு ஒரு மையம் குறித்து, குழிக்கு விட்டம் 5, ஆழம் 2 என்று எடுத்தேன். டிரில்லில் வட்டமாக வெட்டும் முனை போட்டு நடுவில் ஆழம் தோண்டிவிட்டு, வளைந்த உளியால் ஓரத்தை இழைத்து இறக்க வேண்டும்.

முதல் மூன்று குழிகள் நன்றாக வந்தன. நாலாவதில் உளியை ஒரு ஓரத்தில் தொடங்கி அடியைத் தாண்டி எதிர் ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அடியைத் தாண்டியதும் உளி ரேகைக்கு எதிராக ஏறும். விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பிளந்து வந்துவிட்டது. அந்தச் சில்லைத் தொலைக்காமல் எடுத்து, மரப்பசை வைத்து, நாடா ஒட்டி ஒரு இரவு விட்டதில் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியையும் இரண்டு பக்க ஓரத்திலிருந்தும் நடு அடி வரைக்குமே இழைத்தேன். குழி தோண்டுகிறவர்கள் இதை முதல் குழியிலேயே கடைப்பிடியுங்கள். உப்புத்தாள் 120, பிறகு 240. புதுப் பித்தளைக் கீல். திருகாணி போடும் முன் மெல்லிய துளை போட்டுக்கொண்டேன். ரப்பர் மரம் ஓரத்தில் சட்டென்று வெடிக்கும்.

பலகை தயார். காய்க்கு என்ன செய்வது? அம்மா புளியங்கொட்டை என்றார். எனக்கு ரப்பர் விதை வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன, ஆனாலும் லிந்தாங் போகும் சாலையோரம் சிறு நிலக்காரர் ஒருவருடைய பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். மத்தியான வெயில். தலைக்கு மேலே டப்பென்று ஒரு சத்தம், பிறகு இலைச் சருகில் விதை விழும் சத்தம். அக்கா மகள் செம்பனைக் காலத்துப் பிள்ளை. இந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. மரத்தடியில் வெடிக்காத காய் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூன்று புடைப்பு, மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. காய்ந்து முறுகியதும் ஓடு வெடித்து மூன்றையும் தூர எறிகிறது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மூணு சேர்ந்தா வெடிக்குது.”

எங்கள் பக்கத்து மண்ணுக்கும் இந்த விதைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை அன்றைய பேராக் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ பக்கத்துக் கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. ஒரு பை நிறைய, நானூறு விதை பொறுக்கினோம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பச்சை ரப்பர்ப் பருப்பைக் கடிக்கக் கூடாது, அதில் சயனைடு உண்டாகும். நாங்கள் சிறு வயதில் விதையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்திலிருப்பவன் கையில் வைப்போம். அந்த விளையாட்டை அவளுக்கும் அங்கேயே காட்டிவிட்டேன்.

இனி விதி. பலகையின் நமக்குப் பக்கத்து வரிசையில், வலது ஓரக் குழி முதல் குழி. அங்கிருந்து இடப்பக்கம் நகர்கிறோம். ஏழாவது குழி வந்ததும் மேல் வரிசைக்கு ஏறி, அங்கே இடமிருந்து வலமாக எட்டு முதல் பதினான்கு வரை. வழக்கமான பல்லாங்குழி போலவே சுற்றி வருகிறது. எழுத வேண்டிய எண்ணுக்குத் தக்க விதைகளை முதல் குழியில் போடுகிறோம். எந்தக் குழியிலாவது மூன்று விதை சேர்ந்தால் வெடி: அந்த மூன்றையும் எடுத்து, இரண்டை அடுத்த குழியில் போட வேண்டும். எந்தக் குழியிலும் மூன்று இல்லாத நிலை வரும்போது, கடைசியாக விதை உள்ள குழியிலிருந்து முதல் குழி நோக்கி எண்ணிக்கையைப் படித்து எழுதினால் அதுதான் ஒன்றரை அடிமானத்தில் அந்த எண். பத்தடிமானத்தில் பத்து சேர்ந்தால் அடுத்த இடத்தில் ஒன்று. இங்கே மூன்றுக்கு இரண்டு, ஆகவே அடுத்த குழியின் ஒரு விதை இந்தக் குழியின் ஒன்றரை விதைக்குச் சமம். குழிகளின் மதிப்பு 1, ஒன்றரை, இரண்டேகால், மூன்றேகாலே அரைக்கால் என்று போகிறது. இலக்கங்கள் 0, 1, 2 மட்டும்.

மூன்றை எடுத்து இரண்டைப் போட்டால் ஒன்று கையில் மிஞ்சுமே, அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கும் முன்பே அம்மா முந்தானையை விரித்து மடியில் வாங்கிக்கொண்டார். “எங்க ஆட்டத்துல நாலு சேர்ந்தா பசு, எடுத்துக்கலாம். உங்க ஆட்டத்துல வெடிக்கு ஒண்ணு எனக்கு.”

அந்த மடி எங்களுக்குப் பெரிய உதவியாக ஆனது. மடியில் உள்ள விதைகளை எண்ணினால் எத்தனை வெடி என்று தெரிந்துவிடும். பலகையில் உள்ளதும் மடியில் உள்ளதும் சேர்ந்தால் தொடக்க எண் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.

முதல் நாள் கணக்கில் மூன்று வந்தது 20 என்று. நான்கு 21, ஐந்து 22, ஆறு 210. ஒன்பது விதை போட்டோம்: முதல் குழியில் மூன்று வெடி, இரண்டாவதில் ஆறு சேர்ந்து இரண்டு வெடி, மூன்றாவதில் நான்கு சேர்ந்து ஒரு வெடி, நாலாவதில் இரண்டு. 2100. நம்பாமல் அவள் கணிப்பானில் சரிபார்த்தாள். மூன்றேகாலே அரைக்காலை இரண்டால் பெருக்கினால் 6.75, அதோடு 2.25, மொத்தம் 9. பின்னங்களாகவே அடுக்கி வைத்த இடங்களில் முழு எண் வந்து உட்காருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஏனென்றால் எல்லா அடுக்கும் இப்படி அமையாது. 10 என்று எழுதினால் ஒன்றரை. 100 என்றால் இரண்டேகால். 200 என்றால் நாலரை. 0, 1, 2 கொண்டு நம் இஷ்டத்துக்கு எழுதும் வரிசைகளில் பெரும்பாலானவை முழு எண்ணே இல்லை.

நூறு விதையை ஒரே குழியில் போட முடியாது. ஒரு குழியில் எட்டுப் பத்துதான் கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வெடித்துக்கொண்டே போனோம். வந்தது 212001201. பலகையில் 9, அம்மா மடியில் 91. சரி.

இங்கே அவள் நல்ல கேள்வி கேட்டாள். பாட்டி இடப்பக்கக் குழியை முதலில் வெடிக்கிறார், தான் வலப்பக்கத்தை வெடிக்கிறோம், விடை மாறாதா? இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். மாறவில்லை. யோசித்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. முதல் குழிக்கு வேறெங்கிருந்தும் விதை வராது. ஆகவே அதில் எத்தனை வெடி நடக்கும் என்பது முதலிலேயே தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் இரண்டாவது குழிக்கு மொத்தம் எத்தனை விதை வரும் என்பதும் தீர்ந்தது, அப்படியே மூன்றாவது. முன்னே பின்னே வெடிப்பதால் வேளை மாறுமே தவிர மொத்தம் மாறாது.

நோட்டில் ஐம்பது எண்கள் எழுதியதும் நான் கவனித்தது முன் இலக்கங்களை. 2 முதல் எல்லா எண்ணும் 2-இல் தொடங்குகின்றன. 6 முதல் எல்லாமே 21. 9 முதல் எல்லாமே 210 அல்லது 212. 211 என்று தொடங்கும் எண் 7 ஒன்றுதான். பத்தடிமானத்தில் பழகிய கண்ணுக்கு இது விசித்திரம். எல்லா எண்ணுக்கும் ஒரே முகம்.

காரணத்தைப் பலகையில் கடைசியிலிருந்து பின்னோக்கி நடந்தால் பிடிக்கலாம். முதல் குழி தவிர மற்ற எந்தக் குழிக்கும் விதை இரண்டிரண்டாகத்தான் வருகிறது, ஆகவே வந்த மொத்தம் எப்போதும் இரட்டை. கடைசியாக விதை உள்ள குழி வெடிக்கவே இல்லை; மூன்றுக்குக் குறைந்த இரட்டை எண் இரண்டுதான். அதற்கு இரண்டு கொடுத்த முந்தைய குழி ஒரே ஒரு முறை வெடித்தது. அதற்கு வந்தது மூன்று, நான்கு, ஐந்தில் ஒன்று, இரட்டையாக இருக்க வேண்டும், ஆகவே நான்கு. வெடித்து மிஞ்சியது 1. அதற்கும் முந்தையது இரண்டு முறை வெடித்தது. வந்தது ஆறு அல்லது எட்டு. மிச்சம் 0 அல்லது 2. ஒன்று மிஞ்ச வழியே இல்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் விதைகளை அடுக்கிச் செய்து காட்டிவிட்டாள்.

பின் இலக்கங்களின் குணம் வேறு. கடைசி இலக்கம் 0, 1, 2 என்று சுற்றி வருகிறது. 0 வந்தால் மூன்றால் வகுபடும். கடைசி இரண்டும் 00 என்றால் ஒன்பதால், மூன்றும் 000 என்றால் இருபத்தேழால். 27-ஐப் போட்டால் 212000. 81-ஐப் போட்டால் 210110000, பின்னால் நாலு பூச்சியம். ஆனால் ஒற்றையா இரட்டையா என்பதைக் கடைசி இலக்கங்கள் எத்தனை பார்த்தாலும் சொல்ல முடியாது.

ஐந்தால் வகுபடுமா என்பதைச் சொல்ல முடியும், அதுவும் அழகாக. குழிகளை மாற்றி மாற்றி வெள்ளை, கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் குழிகளில் உள்ள மொத்த விதையிலிருந்து கறுப்பில் உள்ளதைக் கழியுங்கள். ஒரு வெள்ளைக் குழி வெடித்தால் வெள்ளையில் மூன்று குறையும், கறுப்பில் இரண்டு கூடும். வித்தியாசம் ஐந்து இறங்கும். கறுப்பு வெடித்தால் ஐந்து ஏறும். எத்தனை வெடித்தாலும் ஐந்து ஐந்தாகத்தான் மாறுகிறது. எல்லா விதையும் முதல் குழியில் இருந்தபோது வித்தியாசம் அந்த எண்ணேதான். ஆகவே முடிவில் வித்தியாசம் ஐந்தின் மடங்காக இருந்தால் எண்ணும் ஐந்தின் மடங்கு. பத்தடிமானத்தில் பதினொன்றுக்கு நாம் ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழிப்பது போலத்தான். 100-க்கு வெள்ளையில் 7, கறுப்பில் 2. வித்தியாசம் 5.

இதற்காக ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தேன். அங்கேதான் தவறினேன். கீழ் வரிசையில் வலது ஓரம் வெள்ளையில் தொடங்கி மாற்றி மாற்றி வைத்துவிட்டு, மேல் வரிசையிலும் நேர் மேலே அதே நிறம் வைத்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. 5, 10, 15 என்று 50 வரை சோதித்தோம், எல்லாம் சரி. 55-இல் வித்தியாசம் 4 வந்தது. மடியை எண்ணினோம், கணக்கு சரி. மறுபடி போட்டோம், மறுபடி 4. அடுத்து 56 போட்டாள். 5 வந்தது.

“மாமா, 56 அஞ்சால வகுபடுதாம்.”

அரை மணி நேரம் விதியைச் சந்தேகப்பட்டேன். அம்மாதான் பலகையைப் பார்த்துவிட்டு, “ஏழும் எட்டும் பக்கத்து வீடுதானே, ரெண்டும் ஒரே நிறமா இருக்கு” என்றார். ஏழாவது குழி கீழ் வரிசையின் இடது ஓரம், வெள்ளை. எட்டாவது அதற்கு நேர் மேலே, அதுவும் வெள்ளை. 53 வரை எட்டாவது குழிக்கு விதையே வராது, அதனால் தவறு ஒளிந்திருந்தது. 54-இலிருந்து எட்டாவதில் இரண்டு விதை. கறுப்பில் எண்ண வேண்டிய இரண்டை வெள்ளையில் எண்ணினால் நாலு பிசகும். மேல் வரிசை ஏழையும் சுரண்டி, சதுரங்கப் பலகை போல எதிர் நிறமாக மாற்றினேன். 55 பூச்சியம் தந்தது.

எத்தனையாவது எண்ணில் புதுக் குழி திறக்கிறது என்று அவள் தனியாகக் குறித்து வந்தாள். இரண்டாவது குழி 3-இல், பிறகு 6, 9, 15, 24. எல்லாமே மூன்றின் மடங்கு; மூன்றால் வகுத்தால் 1, 2, 3, 5, 8. “ஃபிபோனாச்சி!” என்று துள்ளினாள். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை அது. எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்படியானால் அடுத்தது 13, ஏழாவது குழி 39-இல் திறக்க வேண்டும். 35 வரை அமைதியாக இருந்தது. 36-ஆவது விதை போட்டதும் வரிசையாக வெடித்து ஏழாவதில் இரண்டு விதை விழுந்தன. 12.

ஐந்து எண்ணைப் பார்த்து ஆறாவதைச் சொல்லிவிடக் கூடாது என்பதை அவள் மறக்க மாட்டாள், நானும்தான். உண்மை விதி இது: இரண்டாவது குழியிலிருந்து பார்த்தால் மீதிப் பலகையே ஒரு சின்னப் பல்லாங்குழி. ஆனால் அதற்கு விதை இரட்டையாகத்தான் போகும். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் ஒன்றரையால் பெருக்கி, அரை வந்தால் மேலே முழுதாக்க வேண்டும். 8 பன்னிரண்டாகிறது, 12 பதினெட்டு, 18 இருபத்தேழு, 27 நாற்பதரை அல்ல 41, பிறகு 62, 93, 140, 210, 315. மூன்றால் பெருக்கினால் குழி திறக்கும் எண்கள்: பத்தாவது குழி 123-இல், பதினான்காவது 630-இல். பதினைந்தாவது குழிக்கு 945 வேண்டும், ஆகவே எங்கள் பலகை 944 வரை தாங்கும்.

இந்த வரிசையை ஒன்றரையின் அடுக்குகளால் வகுத்துக்கொண்டே போனால் 1.6222-க்கு அருகே போய் நிற்கிறது. ஃபிபோனாச்சியின் பொன் விகிதம் 1.618, பக்கத்தில் இருந்தாலும் அது வேறு, இது வேறு. இன்னொரு இடத்திலும் இந்த வரிசை தலைகாட்டுகிறது. ஆட்கள் வட்டமாக நின்று, மூன்றாவது மூன்றாவதாக வெளியேற்றினால் யார் மிஞ்சுவார்? பத்து விதையை வட்டமாக வைத்துச் செய்து பார்த்தோம்: 3, 6, 9, 2, 7, 1, 8, 5, 10 என்று போய் நாலாவது மிஞ்சியது. வரிசையில் இருபதைத் தாண்டும் முதல் எண் 27. 31-இலிருந்து அதைக் கழித்தால் 4. ஆள் எத்தனை இருந்தாலும் அந்த எண்ணிக்கையின் இருமடங்கைத் தாண்டும் முதல் உறுப்பை எடுத்து, மும்மடங்கு கூட்டல் ஒன்றிலிருந்து கழித்தால் விடை வரும்.

எப்போது அரை வரும், எப்போது வராது என்பதில்தான் இதன் ஆழம். ஒன்றரையை மீண்டும் மீண்டும் பெருக்கும்போது பின்னப் பகுதி எப்படி அலைகிறது என்பது கணிதத்தில் தீராத கேள்விகளில் ஒன்று. 1968-இல் கணித அறிஞர் குர்ட் மாலர் கேட்டார்: ஒரு நேர் எண்ணை ஒன்றரையால் எத்தனை முறை பெருக்கினாலும் அதன் பின்னப் பகுதி அரைக்குக் கீழேயே இருக்குமா, அப்படி ஓர் எண் உண்டா? அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் ஒன்றுக்கு மேல் இருக்காது என்று நிறுவினார். ஒன்றாவது உண்டா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. 2008-இல் ஷிகெகி அகியாமா, கிறிஸ்டியான் ஃப்ரூன்யீ, ஜாக் சகரோவிச் மூவரும் இப்படிப்பட்ட பின்ன அடிமானங்களை விரிவாக ஆராய்ந்து மாலரின் கேள்வியோடு இணைத்தார்கள். பால்மரத்தடியில் பொறுக்கிய விதை அந்த வாசல் வரை கூட்டிப்போகிறது என்பதை அவளிடம் சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பதினான்காவது குழியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. 630 விதை வேண்டும், எங்களிடம் இருந்தது 400. இன்னொரு பை பொறுக்கப் போகலாம் என்று கிளம்பினேன். அம்மா மடியைத் தட்டிக் காட்டினார். அங்கே விழுந்த விதையை எடுத்து மறுபடி முதல் குழியில் போட்டால் என்ன? போடலாம். நிலை வந்தபின் எந்தக் குழியிலும் இரண்டுக்கு மேல் இல்லை, பதினான்கு குழிக்கும் சேர்த்து 28-ஐத் தாண்டாது. முப்பது விதை இருந்தால் 944 வரை போகலாம்! எத்தனை போட்டோம் என்பதை மட்டும் தாளில் ஐந்தைந்தாகக் கோடு போட்டு வர வேண்டும்.

ஞாயிறு பிற்பகல், நல்ல மழை. முன் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவள் விதை போட, நான் வெடிக்க, அம்மா வாங்கிக்கொண்டு கோடு போட. 279-இல் பன்னிரண்டாவது குழி, 420-இல் பதின்மூன்றாவது. 600 தாண்டியபோது மழை விட்டிருந்தது. 629-இல் பலகை இப்படி நின்றது: 2122111221212. ஒரு குழிகூடக் காலி இல்லை, பதின்மூன்றிலும் ஒன்றோ இரண்டோ விதை.

அம்மா மடியிலிருந்த விதைகளை ஒரு தட்டில் கொட்டிவிட்டு முந்தானையை மறுபடி விரித்துக்கொண்டார்.

அவள் 630-ஆவது விதையைப் போட்டாள். முதல் குழியில் மூன்று. வெடித்தேன். இரண்டாவதில் ஒன்றும் இரண்டும் மூன்று. வெடி. மூன்றாவதில் நாலு. வெடி, ஒன்று மிச்சம். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. மேல் வரிசைக்கு ஏறி எட்டு, ஒன்பது, பத்து. ஒன்றுகூட நிற்கவில்லை. பதின்மூன்றாவது குழியும் வெடித்து, வலது மேல் மூலையில், நான் விளிம்பு பிளந்து ஒட்டிய அந்தப் புதுப் பலகையின் கடைசிக் குழியில் இரண்டு விதை முதன்முறையாக விழுந்தன.

21011000110100. வெள்ளையில் நாலு, கறுப்பில் நாலு. அம்மா மடியில் பதின்மூன்று விதை.

“இதுக்கு மேல குழி இல்லையா?” என்றார்.

பலகை வெட்டியதில் மிஞ்சிய ரப்பர்த் துண்டு 20 சென்டிமீட்டர் இருக்கிறது. அதில் மூன்று குழி எடுக்கலாம். எடுத்து ஒட்டினால் 3,194 வரை போகும். வருகிற சனிக்கிழமை உளியைத் தீட்ட வேண்டும்.